வேட்டுச் சத்தமும் இரைகிற காதும்

கேள்வி: என் மகனுக்கு வயது 29. ராணுவத்தில் கொப்ரல். லெபனான் அமைதிப்படையில் கனரக இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் தோட்டா ஏற்றும் வேலை பார்த்துவிட்டு லீவில் வந்திருக்கிறான். இடது காதில் ‘ஙொய்’ என்று இரைந்துகொண்டே இருக்கிறதாம். டிவியை அலற வைக்கிறான். பேத்தி கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றலாமா? இடுப்பும் வலிக்கிறது என்கிறான்.
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, எண்ணெய் வேண்டவே வேண்டாம். பெரிய வெடிச் சத்தத்தில் செவிப்பறை கிழிந்திருக்கலாம். கிழிந்த காதில் எண்ணெய் போனால் சீழ் பிடிக்கும்.

உங்கள் பக்கத்துச் செம்பனை ஆலையில் வேலை செய்பவருக்கு, 8 மணி நேரத்துக்குச் சராசரி 85 டெசிபல் சத்தம்தான் வரம்பு. ஒரு கணம்கூட உச்சச் சத்தம் 140-ஐத் தாண்டக் கூடாது என்கிறது மலேசியாவில் 2019-இல் வந்த வேலையிடச் சத்த விதிமுறை. கனரக இயந்திரத் துப்பாக்கியின் ஒவ்வொரு வேட்டும் அதைத் தாண்டிவிடும். உள்காதில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் ஏறக்குறைய 15,000 இருக்கின்றன. செத்தால் மறுபடி முளைக்காது. 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்துக் கீச்சு ஒலிகள்தான் முதலில் போகும். அதனால்தான் ஆண்குரல் கேட்கிறது, குழந்தையின் குரல் கேட்பதில்லை. பிள்ளை வேண்டுமென்றே கவனிக்காமல் இருக்கிறான் என்று தயவுசெய்து கோபப்படாதீர்கள்.

துப்பாக்கி எந்தப் பக்கம் இருந்ததோ அந்தக் காதுதான் பெரும்பாலும் அதிகம் அடிபடும். ஆனாலும் ஒரு காதில் மட்டும் இரைச்சல் என்றால், நரம்பில் கட்டி இல்லை என்று ஸ்கேன் எடுத்து உறுதி செய்ய வேண்டியிருக்கும். இந்த வாரமே காதுப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். முகாம் மருத்துவரிடம் சொன்னால் லுமுட் ராணுவ மருத்துவமனைக்கோ, கோலாலம்பூர் துவாங்கு மிசான் ராணுவ மருத்துவமனைக்கோ கடிதம் கொடுப்பார். திடீரென்று காது அடைத்துக் கேட்காமல் போனால் அன்றைக்கே போக வேண்டும். முதல் சில நாட்களுக்குள் ஸ்டீராய்டு கொடுத்தால்தான் மீட்க வாய்ப்பு அதிகம்.

‘காதில் பிளக் போட்டால் ஆர்டர் கேட்காது’ என்று பல வீரர்கள் கழற்றிவிடுகிறார்கள். பேச்சை உள்ளே விட்டு வெடியை மட்டும் தடுக்கும் பிளக்கும் இருக்கிறது, கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பஞ்சுபோல் அமுங்கும் நுரை பிளக் என்றால், அதை மெல்லிசாக உருட்டி, காது மடலை மேலே பின்னால் இழுத்து உள்ளே விட்டு, விரியும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். சும்மா வாசலில் செருகினால் பயனில்லை. லீவில் அப்பாவுக்கு உதவியாகப் புல்வெட்டும் மெஷினைத் தூக்கினாலும் போட்டே ஆக வேண்டும்.

இடுப்பு வலி, 100 தோட்டா அடங்கிய 16 கிலோ பெட்டிகளைக் குனிந்து தூக்கியதால் வந்திருக்கலாம். கால் மரத்தாலோ, சிறுநீர் போவதில் சிரமம் வந்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போகட்டும்.

இன்னொன்று அம்மா. இரைச்சலை இப்போதே, வேலையில் இருக்கும்போதே ராணுவ மருத்துவப் பதிவில் எழுத வைக்கச் சொல்லுங்கள். ஓய்வு பெற்றபின் ‘இது பணியில் வந்தது’ என்று காட்ட, காதுப் பரிசோதனை ரிப்போர்ட்டின் நகல் கையில் இருக்க வேண்டும்.