வாங்கும் முன்: கிளச்சுக்கு ஸ்விட்ச் போடலாமா?

இந்த முறை வந்ததில் பெரும்பாலானவை வாகனக் கடிதங்கள். 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்திய நாளிலிருந்து 2025இல் மறுபடி திறக்கும் வரை பழசையே தட்டிக்கொட்டி ஓட்டிப் பழகிவிட்டோம், கடிதங்களும் அப்படித்தான் இருக்கின்றன.

கேள்வி: என்னிடம் நிசான் நோட், 1.2 லீற்றர், மூன்று சிலிண்டர், சூப்பர்சார்ஜர் (காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் சாமான்) வைத்த மொடல். நுவரெலியா போகும் ரம்பொடை ஏற்றத்தில் திணறுகிறது. சூப்பர்சார்ஜர் கிளச்சின் வயரை கம்ப்யூட்டரிலிருந்து பிரித்து, டேஷ்போர்டில் ஸ்விட்ச் வைத்துத் தருவதாக கராஜ் பாஸ் (மெக்கானிக்) சொல்கிறார். 35,000 ரூபாய். செய்யலாமா? (தலவாக்கலை)

பதில்: கோபிக்காதீர்கள், முதலில் ஈகோ பட்டன் அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஈகோவில் இந்த வண்டி சூப்பர்சார்ஜரை முடிந்தவரை தூங்கத்தான் விடும். அதை அணைத்துவிட்டு ஒரு தடவை ரம்பொடை ஏறிப் பாருங்கள், 35,000 மிச்சமாகலாம்.

அப்படியும் திணறினால் ஸ்விட்ச் கதைக்கு வருவோம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்குதான், எந்த எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுவது சூப்பர்சார்ஜர். அதனால் கிளச் பிடிக்காமல் போனால் கொழும்புக்காரருக்கு முன்னால் நமக்குத் தெரிந்துவிடும். அது ஏசி கம்ப்ரஸரில் இருப்பது மாதிரி மின்காந்தக் கிளச். புல்லி பெல்ட்டோடு சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும், கம்ப்யூட்டர் காயிலுக்கு (கம்பிச் சுருளுக்கு) கரண்ட் கொடுத்ததும் முன் தட்டு புல்லியில் வந்து ஒட்டும், உள்ளே ரோட்டர் சுற்றும். எந்த வேகத்தில் ஒட்ட வேண்டும், எப்போது விட வேண்டும் என்பதற்கெல்லாம் கணக்கு இருக்கிறது. உங்கள் விரலுக்கு அந்தக் கணக்கு தெரியாது. எஞ்சின் 4,000 சுற்றில் இருக்கும்போது ஸ்விட்சைத் தட்டினால், நின்றுகொண்டிருந்த ரோட்டர் எஞ்சினைவிட வேகமாகச் சுற்றியாக வேண்டும், அதுவும் கண் இமைக்கும் நேரத்தில். கிளச்சின் முகம் கருகும், பேரிங் அடிவாங்கும், பெல்ட் அறுந்தாலும் அறும். அதே பெல்ட்டில் தண்ணீர்ப் பம்பும் ஓடுகிற எஞ்சினாக இருந்தால் மூடுபனியில், கொண்டை ஊசி வளைவில், பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கம்ப்யூட்டர் ஒன்று நினைக்க, காற்று வேறொன்றாக வரும். ஏற்கெனவே காற்றை 12க்கு 1 என்று அமுக்கி ஓடும் எஞ்சின் அது, பெற்றோல் நேரம் தப்பி வெடித்துத் தட்டத் தொடங்கினால் பிஸ்டன் வரை செலவு போகும். பியூஸ், ரிலே இல்லாமல் வயர் இழுத்தால் தீப்பிடிக்கும் பயமும் சேர்ந்துகொள்ளும்.

காலையில் நன்றாக இழுத்து, பாதி ஏற்றத்தில் கைவிடுகிறதா? அப்படியானால் கிளச்சின் முகம் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம், காயில் சூடானதும் இழுக்கும் பலமும் குறைந்துவிடும். ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியை அளந்து, உள்ளே இருக்கும் மெல்லிய வாஷரில் ஒன்றை எடுத்துச் சரிசெய்வது நேர்மையான வேலை. அதைத் தெரிந்த பாஸைத் தேடுங்கள். ஸ்விட்ச் வைக்க யாராலும் முடியும்.

கேள்வி: கிளச்சை வெல்டிங் அடித்து, எப்போதும் பிடித்தபடியே இருக்கச் செய்துவிட்டேன். இப்போது பெற்றோல் அதிகம் குடிக்கிறது, விடாமல் ஊளைச் சத்தம் வேறு. யாரிடம் முறையிடலாம்? (பதுளை)

பதில்: கண்ணாடி முன்னால் நின்று முறையிடுங்கள். தேவையில்லாத நேரத்தில் சுற்றக்கூடாது என்றுதான் அதற்குக் கிளச்சே வைத்தார்கள்.

கேள்வி: தம்பி கொழும்பில் பழைய சாமான் கடையொன்றில் கிளச்சோடு சூப்பர்சார்ஜர் வாங்கினான், 140,000 ரூபாய், சீட்டுப் பிடித்த காசு. ஆறாம் நாள் பேரிங் போய்விட்டது. செக்கிங் வாரண்டி (பொருத்திச் சரிபார்க்கக் கொடுக்கும் தவணை) மூன்று நாள்தான் என்கிறார் கடைக்காரர். பில்லில் 'பார்ட்ஸ்' என்று மட்டும் இருக்கிறது. (கம்பளை)

பதில்: தங்கச்சி, இந்த 'செக்கிங் வாரண்டி' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது கொழும்புக்காரருக்கு மட்டும் கொடுக்கிற வாரண்டி. கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கிய சாமான் பஸ்ஸில் மலையேறி வர ஒரு நாள், பாஸ் கையில் எடுக்க இன்னொரு நாள், கேஸ்கெட் இல்லையென்று கண்டிக்கு ஆள் அனுப்ப மூன்றாம் நாள். எஞ்சின் ஸ்டார்ட் ஆவதற்குள் வாரண்டி செத்துவிடும். கடைக்காரருக்கும் இது தெரியும். சாமான் நல்லது என்று அவருக்கே நம்பிக்கை இருந்தால் பொருத்திய நாளிலிருந்து கணக்குப் பார்க்கட்டுமே!

நானும் ஏமாந்தவன்தான். முன்பு சூப்பர்சார்ஜர் வைத்த பழைய டொயோட்டா ஒன்று வாங்கினேன், 4ஏ-ஜீஇசட்இ எஞ்சின். டேஷ்போர்டில் சூப்பர்சார்ஜர் ஓடுவதைக் காட்டும் பச்சை லைட் எரிவதைப் பார்த்துப் பூரித்துப்போய் காசை எண்ணிக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து பொனட்டைத் திறந்தபோது, கிளச்சின் முன் தட்டில் சிலந்தி வலை. சுற்றுகிற சாமானில் சிலந்தி வலை கட்டுமா? காயில் எப்போதோ எரிந்துபோயிருக்கிறது, விற்றவர் லைட்டை மட்டும் இக்னிஷனில் கொடுத்து வைத்திருந்தார்! அதிலிருந்து நான் லைட்டைப் பார்ப்பதில்லை, தட்டைத்தான் பார்ப்பேன்.

சரி, உங்கள் விஷயம். தம்பியின் பாஸை அந்த யூனிட்டைப் பிரிக்க விடாதீர்கள், பிரித்தால் 'நீங்கள்தான் உடைத்தீர்கள்' என்பார்கள். சத்தத்தோடு வீடியோ எடுங்கள், காசு போட்ட வங்கிச் சிட்டையையும் கடைக்காரரின் வட்ஸ்அப் செய்திகளையும் பத்திரப்படுத்துங்கள். என்ன சாமான், எந்த எஞ்சினுக்கு என்று எழுதிய சரியான பற்றுச்சீட்டைக் கேளுங்கள். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பிறகு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு. வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், அதனால் 'அடுத்த கிழமை பார்ப்போம்' என்று கடைக்காரர் இழுக்கும் ஒவ்வொரு கிழமையும் அவருக்குத்தான் லாபம். விசாரிக்க சபையின் 1977 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழையுங்கள். காசு முழுதும் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், ஆனால் கடிதம் போனபின் கடைக்காரர்களின் குரல் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பெற்றோல் குழாயில் காந்தம் மாட்டினால் செலவு குறையுமாம், 3,500 ரூபாய். வாங்கலாமா? (வெலிமடை)

பதில்: ஃபிரிட்ஜ் கதவில் ஒட்ட என்றால் வாங்கலாம்.

கேள்வி: சூப்பர்சார்ஜருக்குச் சின்னப் புல்லி போட்டு, ஏப்ரலில் மகாகஸ்தோட்டை ஹில் கிளைம்பில் (மலையேற்றக் கார்ப் பந்தயத்தில்) ஓட ஆசை. லீசிங் இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. காப்புறுதி செல்லுமா? (நானுஓயா)

பதில்: லீசிங் முடியாத வண்டியிலா? அண்ணன், சின்னப் புல்லி என்றால் ரோட்டர் இன்னும் வேகம், காற்று இன்னும் சூடு, 92 ஒக்டேனில் அது தாங்காது. காப்புறுதிக்காரருக்கு இந்தக் கேள்வியை அப்படியே எழுதிக் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், சிரித்து நாளாயிற்று.