மூல நிரல் திறந்திருந்தால் திருடனுக்கும் வசதிதானே? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மடிக்கணினி நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் விண்டோஸ் 11-ஐ ஏற்க மறுக்கிறது. விண்டோஸ் 10-க்கோ ஆதரவு முடிந்துவிட்டது என்கிறார்கள். லினக்ஸ் போட்டால் சமாளிக்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் மேலும் ஓராண்டு, அதாவது 2026 அக்டோபர் 13 வரை, பதிவு செய்துகொண்டவர்களுக்குத் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும், இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆன செயலியையும் கேட்கிறது. உங்கள் கணினியில் பழுது ஏதும் இல்லை. அந்தப் பட்டியலில் அதற்கு இடம் இல்லை, அவ்வளவுதான். லினக்ஸ், விண்டோஸுக்கு மாற்றாக நிறுவக்கூடிய திறந்த மூல இயங்குதளம். அதன் வகைகளுள் ஒன்றான லினக்ஸ் மின்ட் 2 ஜிபி நினைவகத்திலேயே இயங்கும். 4 ஜிபி இருந்தால் சிரமமின்றி வேலை செய்யலாம்.

ஆனால் எடுத்த எடுப்பில் வன்வட்டை அழித்துவிடாதீர்கள். லினக்ஸ் மின்டைப் பென் டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியைத் துவக்கினால், வன்வட்டைத் தொடாமலே முழு இயங்குதளத்தையும் ஓட்டிப் பார்க்கலாம். அந்த நிலையிலேயே வைஃபை இணைகிறதா, கேமராவும் ஹெட்ஃபோனும் வேலை செய்கின்றனவா, அச்சுப்பொறி ஒரு பக்கம் அச்சிடுகிறதா என்று பாருங்கள். பலரும் மறந்துவிடும் சோதனை ஒன்று உண்டு: மடிக்கணினியின் மூடியைச் சாத்தி, சில நிமிடம் கழித்துத் திறந்து, விட்ட இடத்திலிருந்து திரை உயிர்பெறுகிறதா என்று கவனியுங்கள். அன்றாடம் எரிச்சலூட்டுவது பெரும்பாலும் இந்த இடம்தான். வைஃபை இணையவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சில்லுகள் சிலவற்றுக்குத் தனி இயக்கியை (டிரைவர்) நிறுவ வேண்டியிருக்கும். ஃபோட்டோஷாப் போல லினக்ஸில் வராத மென்பொருளை நம்பித்தான் உங்கள் தொழில் நடக்கிறது என்றால், மாற வேண்டாம் என்றே சொல்வேன்.

கேள்வி: லினக்ஸ் போன்ற திறந்த மூல மென்பொருளின் மூல நிரலை, அதாவது அது எழுதப்பட்ட வரிகளை, யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்றால் திருடனும் படிப்பான் அல்லவா? பல கண்கள் பார்ப்பதால் பாதுகாப்பு என்பது வெறும் சமாதானம்தானே?

பதில்: திருடனும் படிப்பான்; அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. கண்கள் பல இருக்கலாம், ஆனால் பார்க்க வேண்டிய இடத்தை அவை பார்த்துக்கொண்டிருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. 2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட் பிழை, தகவல் பரிமாற்றத்தைப் பூட்டிக் காக்க இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் எல்லோர் கண்ணெதிரிலும் கிடந்தது. அதைக்கொண்டு ஒரு சர்வரின் நினைவகத்திலிருந்து ஒவ்வொரு முறையும் 64 கிலோபைட் வரை உருவ முடிந்தது.

அதைவிட எனக்கு அச்சம் தந்தது 2024-இல் நடந்த எக்ஸ்இசட் விவகாரம். எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் கருவி. ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினியிலும் இருக்கும். ஜியா டான் என்ற பெயரில் இயங்கிய ஒருவர், இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறுமையுடன் திருத்தங்கள் அனுப்பி, தனியாளாகச் சுமந்து களைத்திருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, தாமும் பராமரிப்பாளராகி, பிறகு 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்கதவை, அதாவது கணினிக்குள் யாரும் அறியாமல் நுழையும் ரகசிய வழியை, வைத்தார். வைத்த விதம் கவனிக்கத்தக்கது. தீய நிரலின் உடல், சோதனைக்காக வேண்டுமென்றே சிதைக்கப்பட்டவை போலத் தோன்றிய சுருக்கக் கோப்புகளுக்குள் ஒளிந்திருந்தது. அதை எழுப்பும் வரிகளோ, நிரல் மாற்றங்கள் பதிவாகும், எல்லோரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் இல்லாமல், வெளியீட்டுக்கென்று கட்டித் தரப்பட்ட தொகுப்பில் மட்டும் இருந்தன. களஞ்சியத்தை வரி வரியாகப் படித்தவருக்குக்கூட முழுப் படம் கிடைத்திருக்காது.

அதைப் பிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் நிரலாளர். அவர் பின்கதவைத் தேடிப் போகவில்லை. டெபியன் என்னும் லினக்ஸ் வகையின் வளர்ச்சிநிலைப் பதிப்பில் வேறொரு வேகச் சோதனைக்காகக் கணினியை அமைதிப்படுத்திக்கொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியான உள்நுழைவு முயற்சிகள் தேவைக்கு மேல் செயலியைத் தின்பதைக் கண்டார். அளந்து பார்த்தால், சுமார் 0.3 வினாடியில் முடிய வேண்டியது 0.8 வினாடி எடுத்தது. அந்த அரை வினாடியை அவர் சும்மா விடவில்லை. தடம் பிடித்து எக்ஸ்இசட் வரை போய், மார்ச் 29 அன்று தாம் கண்டதைப் பொதுவில் எழுதிவிட்டார். பரவலாகப் பயன்படும் நிலையான பதிப்புகளுக்கு அது போய்ச் சேரும் முன்பே நீக்கப்பட்டது.

உங்கள் கேள்விக்கான என் விடை இதில் இருக்கிறது. ஃபிராய்ண்ட் அந்தக் கருவியை எழுதியவர்களுள் ஒருவர் அல்லர்; யாரிடமும் அனுமதி கேட்கவும் இல்லை. சந்தேகம் வந்ததும் நிரலைப் பிரித்துப் பார்க்கும் உரிமை அவருக்கு இருந்தது. மூடிய மென்பொருளாக இருந்திருந்தால், நிறுவனத்துக்கு ஒரு புகார் எழுதிவிட்டுக் காத்திருப்பதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாது. அதே சமயம், இத்தனை கோடிக் கணினிகள் சாய்ந்திருந்த ஒரு கருவியை ஒற்றை மனிதரின் ஓய்வு நேரத்தில் விட்டுவைத்தது நம் எல்லோருடைய குற்றம். உங்களால் முடிந்தால், அன்றாடம் பயன்படுத்தும் ஒரு சிறிய திட்டத்துக்காவது நன்கொடை அனுப்புங்கள். முடியாவிட்டால் பிழைகளைத் தெளிவாக எழுதி அனுப்புங்கள். மென்பொருளை உங்கள் லினக்ஸ் வழங்கலின் (மின்ட், டெபியன் போன்ற லினக்ஸ் வகை) அதிகாரபூர்வ மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே நிறுவுங்கள்.

கேள்வி: இலவசமாகக் கொடுப்பவர்கள் நாளைக்கே மனம் மாறினால் நம் கதி என்ன?

பதில்: தமிழில் ‘இலவசம்’, ‘கட்டற்றது’ என்று இரண்டு தனிச் சொற்கள் இருப்பது நம் நல்வாய்ப்பு, ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் (free) என்பதால் வந்த குழப்பம் இன்னும் தீரவில்லை. கட்டற்ற மென்பொருளின் உயிர், விலையில் இல்லை. இயக்கவும் ஆராயவும் மாற்றவும் பகிரவும் உள்ள உரிமையில் இருக்கிறது. மனம் மாறுவது நடக்கிறது. 2024 மார்ச்சில் ரெடிஸ் தரவுத்தளத்தின் நிறுவனம் உரிமத்தை இறுக்கியது. ஆனால் அந்த மாற்றம் புதிய பதிப்புகளுக்குத்தான் செல்லும்; ஏற்கெனவே கொடுத்த உரிமையைத் திரும்ப வாங்க முடியாது. எனவே பழைய நிரலிலிருந்து சில நாட்களிலேயே வால்கீ என்ற தனிக் கிளைத் திட்டம் பிறந்தது. 2025 மே மாதம் ரெடிஸும் ஏஜிபிஎல் என்னும் திறந்த மூல உரிமத்தைச் சேர்த்துக்கொண்டு திறந்த மூலத்துக்குத் திரும்பியது. 2010-இல் ஓபன்ஆஃபீஸ் என்னும் அலுவலக மென்பொருளிலிருந்து லிப்ரேஆஃபீஸ் பிரிந்து வந்ததும் இதே உரிமையால்தான். நான் உரிமத்தோடு கோப்பு வடிவத்தையும் பார்ப்பேன்: லிப்ரேஆஃபீஸின் ஓடிஎஃப் வடிவம் 2006 முதல் ஐஎஸ்ஓ அமைப்பின் சர்வதேசத் தரம் என்பதால், மென்பொருள் மாறினாலும் உங்கள் ஆவணங்கள் திறக்கும்.

கேள்வி: ஆண்ட்ராய்டு திறந்த மூலமா, இல்லையா?

பதில்: அடித்தளம் திறந்த மூலம், உங்கள் கையில் இருக்கும் போன் பெரும்பாலும் முழுமையாக அப்படியல்ல. பிளே ஸ்டோரும் அதைச் சார்ந்த கூகுள் சேவைகளும் மூடியவை. அவை வேண்டாம் என்போர், ஆண்ட்ராய்டின் அடித்தளத்தில் கட்டப்பட்ட லினியேஜ்ஓஎஸ் போன்ற மாற்று இயங்குதளங்களை நாடலாம். உங்கள் போனின் மாடல் அவர்களின் பட்டியலில் இருக்க வேண்டும், வங்கிச் செயலிகள் சில ஓட மறுக்கவும் கூடும். முயல்வதென்றால் முதலில் படங்களையும் தொடர்புகளையும் வேறிடத்தில் சேமித்துவிடுங்கள். இவற்றை நிறுவ, போனைத் துவக்கும் மென்பொருளான பூட்லோடரின் பூட்டைத் திறக்கும்போது போனில் உள்ளவை எல்லாம் அழிக்கப்படும்.