ஒரே அளவுப் பெட்டியில் காரும் பேருந்தும்: மாதிரி ரயிலுக்குத் துணையாக வாங்குவோரின் கேள்விகள்

கேள்வி: எச்.ஓ. அளவில் ரயில் லேஅவுட் (தண்டவாளமும் சுற்றுப்புறமும் கொண்ட மாதிரிக் காட்சி) ஒன்றை அமைத்திருக்கிறேன். நிலைய வாசலில் நிறுத்துவதற்குச் சில கார்களும் ஒரு பேருந்தும் தேவைப்படுகின்றன. 1:64, 1:72, 1:76 என்று எண் போட்ட வண்டிகள் எளிதாகக் கிடைக்கின்றன. 1:87 என்று போட்டவை அரிதாகவும் விலை கூடுதலாகவும் இருக்கின்றன. எண்கள் அருகருகேதானே இருக்கின்றன, எதை வாங்கினாலும் பொருந்தாதா?

பதில்: பொருந்தாது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். எச்.ஓ. என்பது 1:87, அதாவது அசலின் ஒவ்வொரு அளவையும் 87-ஆல் வகுத்தது. நாலரை மீட்டர் நீளமுள்ள கார் 1:87-இல் ஏறத்தாழ 52 மில்லிமீட்டர் இருக்கும்; 1:76-இல் 59, 1:72-இல் 62, 1:64-இல் 70 மில்லிமீட்டர் வரும். நீளத்தோடு அகலமும் உயரமும் சேர்ந்தே பெருகுவதால், 1:64 கார் உங்கள் லேஅவுட்டில் இருக்க வேண்டிய காரைப் போல இரண்டரை மடங்கு பருமனாக நிற்கும். இன்னும் நெருங்கிப் பாருங்கள்: ஒன்றே முக்கால் மீட்டர் உயரமுள்ள மனிதர் எச்.ஓ.வில் 20 மில்லிமீட்டர். சாதாரணக் காரின் கூரை அவருக்கு முகவாய்க்குக் கீழே இருக்க வேண்டும். 1:76 காரின் கூரை அவர் நெற்றி வரைக்கும் வந்துவிடும். 1:64 காருக்குப் பக்கத்தில் நிறுத்தினாலோ கூரை அவர் தலைக்கு மேலே போய்விடும். ரயிலைப் பார்க்க வந்தவர் முதலில் பார்ப்பது அந்தக் காரைத்தான்.

1:76 வண்டியை விற்பவர் "இரண்டும் ஒரே தண்டவாளம்தான்" என்று சொல்லக்கூடும். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. பிரிட்டனில் வழங்கும் ஓ.ஓ. அளவும் எச்.ஓ. அளவும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்திலேயே ஓடுகின்றன; எனினும் ஓ.ஓ. ரயில்கள் 1:76 விகிதத்தில் செய்யப்பட்டவை. தண்டவாளத்தின் அகலத்தைச் சொல்லி வண்டியின் அளவை நியாயப்படுத்த முடியாது. உங்களிடம் இருப்பது ஓ.ஓ. என்றால் 1:76 வண்டிகளைத் தயங்காமல் வாங்குங்கள். 1:72-உம் ஏறக்குறைய ஐந்து விழுக்காடுதான் பெரிது என்பதால் சற்றுத் தள்ளி நிறுத்தினால் தெரியாது. எச்.ஓ.வுக்கு ஹெர்பா, விக்கிங், பிரெக்கினா போன்ற தயாரிப்பாளர்களின் 1:87 வண்டிகளே சரி. பத்து வண்டி வாங்கும் பணத்தில் நான்கு வாங்கினாலும் நான்கும் பொருந்தி நிற்கும்.

கைக்கு அடக்கமான சிறிய பெட்டிகளில் வரும் பொம்மை வண்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவற்றை 1:64 என்று பொதுவாக அழைப்பது வழக்கமே தவிர, எல்லாம் அந்த விகிதத்தில் இருப்பதில்லை. பெட்டியின் அளவு முதலில் தீர்மானமாகிறது, வண்டி அதற்குள் அடங்கும்படி சுருக்கப்படுகிறது. அதனால் காரும் 75 மில்லிமீட்டர், பேருந்தும் 75 மில்லிமீட்டர். 12 மீட்டர் பேருந்து 75 மில்லிமீட்டருக்குள் அடங்கினால் அதன் விகிதம் 1:160 ஆகிவிடும், அதாவது எச்.ஓ.வைவிடச் சிறிய 'என்' (N) எனப்படும் ரயில் அளவு. இதிலே ஒரு லாபமும் உண்டு. எச்.ஓ. லேஅவுட்டின் பின்சுவரை ஒட்டி மலைச்சாலை வரைந்து வைத்திருந்தால், அங்கே இந்தச் சிறிய பேருந்தை நிறுத்திப் பாருங்கள். சாலை தொலைவில் இருப்பது போன்ற தோற்றம் கிடைக்கும். முன்வரிசையில் மட்டும் வைத்துவிடாதீர்கள். வாங்கப் போகும்போது சட்டைப்பையில் அளவுகோல் ஒன்று இருக்கட்டும். அசல் வண்டியின் நீளத்தை மாதிரியின் நீளத்தால் வகுத்தால் வரும் எண்ணை நம்புங்கள், பெட்டியின் மேல் அச்சிட்டதை அல்ல.

கேள்வி: 1:43 கார்களைச் சேர்க்கிறேன். இந்த விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது? இவற்றை ரயிலோடு சேர்த்துக் காட்சிக்கு வைக்க முடியுமா?

பதில்: ரயிலிடமிருந்து வந்த எண்தான் அது. பிரிட்டனின் ஓ அளவு ரயில்களில் அசலின் ஓர் அடி 7 மில்லிமீட்டராகக் குறைக்கப்படுகிறது. கணக்குப் பார்த்தால் 1:43.5 வரும். ஃபிராங்க் ஹார்ன்பியின் மெக்கானோ நிறுவனம் தன் ரயில்களுக்கு அருகில் வைப்பதற்காக 1930-களின் தொடக்கத்தில் சிறு உருவங்களையும் வண்டிகளையும் விற்கத் தொடங்கியது. 1934-இல் அவற்றுக்கு டிங்கி டாய்ஸ் என்று பெயர் வந்தது. துணைக்கு வந்த வண்டிகள் தனிச் சேகரிப்பாக வளர்ந்துவிட்டன. எனவே பிரிட்டன் ஓ அளவு ரயிலோடு உங்கள் கார்கள் தாராளமாகச் சேரும். அமெரிக்க ஓ அளவு 1:48 என்பதால் அங்கே கார்கள் சற்றுப் பெரிதாகத் தெரியும்.

கேள்வி: ஒரே விமானத்தின் 1:72 பிளாஸ்டிக் கிட் (பாகங்களை ஒட்டிக் கட்டும் தொகுப்பு) இரண்டு நிறுவனங்களின் பெட்டிகளில் வருகிறது. ஒன்றின் பெட்டி புத்தம் புதிது, படமும் அருமை, மற்றொன்று மலிவு. விலை கூடியதுதான் தரமானதா?

பதில்: பெட்டிப் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிளாஸ்டிக் கிட் செய்யும் உலோக அச்சு பல பத்தாண்டுகள் உழைக்கும். நிறுவனங்கள் அதை ஒன்றுக்கொன்று விற்கின்றன, வாடகைக்கும் கொடுக்கின்றன. ஆகவே இன்று வெளிவந்த பெட்டிக்குள் நம் தாத்தா காலத்து அச்சில் வார்த்த பாகங்கள் இருக்கலாம். இரண்டு பெட்டிகளிலும் ஒரே பாகங்களே இருப்பதும் உண்டு. ஸ்கேல்மேட்ஸ் என்ற இலவச இணையத் தரவுத்தளத்தில் கிட்டின் எண்ணைத் தேடினால், அந்த அச்சு முதலில் எந்த ஆண்டில் வந்தது, பின்னர் யார் யார் பெட்டியில் மறுபடி வந்தது என்று வரிசையாகக் காணலாம். பழைய அச்சு என்றால் மேல்தகட்டுக் கோடுகள் பள்ளமாக இல்லாமல் புடைத்திருக்கும், விளிம்புகளில் பிசிறு வழிந்திருக்கும், பாகங்கள் இணையும் இடத்தில் இடைவெளி விழும். பட்டி பூசித் தேய்ப்பதில் சுகம் காண்பவருக்கு அது குறையே அல்ல. ஆனால் அதற்குப் புது அச்சின் விலையைக் கொடுக்க வேண்டிய அவசியமில்லை.

மலிவாகக் கிடைத்தது பழைய இருப்பு என்றால் டீக்காலை, அதாவது நீரில் நனைத்து ஒட்டும் குறிகள் அச்சிட்ட தாளை, கவனியுங்கள். தேவைப்படாத ஒரு சிறு குறியை வெட்டித் தண்ணீரில் போட்டுப் பார்த்து, அது துண்டு துண்டாக உடைந்தால், மீதித் தாள் முழுவதற்கும் தெளிந்த வார்னிஷ் ஒரு பூச்சுத் தந்து காயவிட்டுப் பயன்படுத்தலாம். மஞ்சளித்திருந்தால் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிச் சில நாள் வெயில் காட்டினால் பெரும்பாலும் வெளுக்கும். இன்னொன்று: விமானத்தைச் சரக்கு வண்டியில் ஏற்றி எச்.ஓ. ரயிலில் இழுக்க எண்ணமிருந்தால் 1:72 வேண்டாம். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறக்கை விரிவு 1:72-இல் 156 மில்லிமீட்டர்; எச்.ஓ.வில் அது 129 மில்லிமீட்டராகத்தான் இருக்க வேண்டும்.

கேள்வி: ரெசின் (வார்ப்புப் பிசின்) கிட்டை முதன்முறையாக வாங்கலாமா?

பதில்: இரண்டு மூன்று பிளாஸ்டிக் கிட்களைக் கட்டிப் பழகிய பிறகு வாங்குங்கள். பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் பசை ரெசினில் பிடிக்காது. சூப்பர் குளூவோ எபாக்சியோ வேண்டும். அறுக்கும்போது எழும் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் முகக்கவசத்தின் விலையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கேள்வி: இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டை-காஸ்ட் (உலோக வார்ப்பு) கார் ஒன்றைப் பெட்டியோடு விற்பனைக்கு வைத்திருக்கிறார்கள். "அசல், பயன்படுத்தாதது" என்று சொல்கிறார்கள். பெரிய தொகை. எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

பதில்: முதலில் உலோகம். இந்த வண்டிகள் துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டவை. வார்ப்பின்போது ஈயம் போன்றவை சிறிதளவு கலந்துவிட்டால், பல ஆண்டுகள் கழித்து உலோகம் உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும். இதைத் துத்தநாக நோய் என்கிறார்கள். தலைமுடி போன்ற விரிசல்கள், காரணமில்லாமல் புடைக்கும் பெயிண்ட், வளைந்த அடித்தட்டு, சுற்றுகையில் தள்ளாடும் சக்கரம் ஆகியவை அதன் அடையாளங்கள். தொற்று நோயைப் போல அடுத்த வண்டிக்குப் பரவாது என்பது ஆறுதல். மருந்து கிடையாது என்பது துயரம். நானே ஒருமுறை, மேசை விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் எடுத்த படங்களை நம்பி ஒரு லாரியை வாங்கினேன். பெட்டியைத் திறந்தபோது மட்கார்டு பிஸ்கட் போலப் பொடிந்து அடித்தாளில் கிடந்தது. அன்றிலிருந்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படமும் அடிப்பக்கப் படமும் கேட்காமல் நான் எதையும் வாங்குவதில்லை. நீங்களும் கேளுங்கள், தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். பழையவற்றுக்கு மட்டும் வரும் நோய் என்றும் எண்ண வேண்டாம். அண்மைக்கால ரயில் எஞ்சின்களின் உலோகச் சட்டங்களும் இப்படி வீங்கியதுண்டு.

அடுத்தது பெயிண்ட். தொழிற்சாலையில் உடல்பகுதிக்குப் பெயிண்ட் அடித்த பிறகே அடித்தட்டைப் பொருத்தி ரிவெட் அடிப்பார்கள். ரிவெட் தலையின் மேல் உடலின் நிறம் ஏறியிருந்தாலும், ரிவெட்டைத் துளைத்து எடுத்துவிட்டுத் திருகு போட்டிருந்தாலும், டயர் ஓரத்தில் நிறம் தெறித்திருந்தாலும் யாரோ திறந்து பூசியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். தயாரிப்பாளரின் அனுமதியின்றி இவ்வாறு மாற்றப்பட்டவற்றைச் சேகரிப்பாளர்கள் கோட் 3 என்பார்கள். லேஅவுட்டில் நிறுத்த அதுவே போதும், அழகாகவும் இருக்கும். ஆனால் கோட் 1, அதாவது தயாரிப்பாளரிடமிருந்து வந்தபடியே உள்ள வண்டியின், விலையைக் கொடுக்கக் கூடாது.

கடைசியாகப் பெட்டி. மறு அச்சுப் பெட்டிகள் தாராளமாக விற்கின்றன. வண்டியைவிடப் பெட்டிக்கே பணம் அதிகம் கேட்கப்படும் தொழிலில் இதில் வியப்பில்லை. புற ஊதா டார்ச் ஒன்று கையிலிருந்தால் இருட்டில் அடித்துப் பாருங்கள். பிற்காலத் தாள்களில் வெண்மையூட்டி கலந்திருப்பதால் அவை நீலவெண்மையாகப் பளிச்சிடும். போருக்கு முந்தைய அட்டை அப்படி ஒளிராது.

கேள்வி: பழைய ரயில் பயணச்சீட்டுகளும் கைவிளக்குகளும் சேர்க்க ஆசை. போலிகள் உண்டா?

பதில்: கைவிளக்கில் உண்டு. கை பட்ட இடமும் உரசிய இடமும் தேய்ந்து, மூலை முடுக்கில் அழுக்கு தங்கியிருக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பழசாகத் தெரிந்தால், அது பழசாக்கப்பட்டது. சீட்டுகளில் வேறு விஷயம். ஆங்கிலேய ரயில் ஊழியர் தாமஸ் எட்மண்ட்சன் வகுத்த தடித்த அட்டைச் சீட்டு ஏறத்தாழ 57-க்கு 30 மில்லிமீட்டர். வரிசை எண் அச்சிட்டே வரும், தேதி விற்கும்போது கருவியில் அழுத்திப் பதிக்கப்படும். தொடர் எண்களோடு தேதியில்லாமல் கட்டாகக் கிடைப்பவை விற்காமல் மிஞ்சியவை. அவற்றின் விலை குறைவாகவே இருக்க வேண்டும். தேதியும் துளையும் உள்ள சீட்டு ஒருவர் பயணம் செய்தது. எனக்கு அதுதான் பிடிக்கும். எதுவானாலும் லேமினேட் செய்ததை வாங்காதீர்கள், நீங்களும் செய்யாதீர்கள். தாளைப் பிடித்த பிளாஸ்டிக்கைச் சேதமின்றிப் பிரிப்பது நடக்காத காரியம். அமிலமில்லாத அட்டையில் மூலைகளை மட்டும் செருகி வையுங்கள்.