பணிச்சோர்வு: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினான்கு வருடம் வார்டில் நர்ஸாக இருந்தேன். மூன்று வருடமாக நோயாளிகளின் சிகிச்சையை ஒருங்கிணைக்கும் பொறுப்பு. இரவு ஷிப்ட் கிடையாது. ‘உனக்கென்ன, உட்கார்ந்து போன் பேசுகிற வேலைதானே’ என்கிறார்கள் பழைய தோழிகள். ஆனால் இப்போதுதான் நொறுங்கிப்போயிருக்கிறேன். போன வாரம் ஒரு பெரியவரின் மகள் போனில் அழுதாள். எனக்குள் எதுவுமே அசையவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கல்நெஞ்சக்காரி ஆகிவிட்டேனா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு 2022இல் நடைமுறைக்கு வந்தது. அதில் பணிச்சோர்வு நோயாக அல்ல, வேலையால் விளையும் நிலையாகவே இருக்கிறது. அடையாளங்கள் மூன்று: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம். உங்களுக்கு நேர்ந்தது இரண்டாவது.

‘போன் பேசுகிற வேலை’ என்பது என்ன? டிஸ்சார்ஜ் எழுதியாகிவிட்டது. வீட்டில் ஆக்சிஜன் வந்து சேரவில்லை. இன்சூரன்ஸ் அனுமதி நிற்கிறது. பழைய மருந்துச் சீட்டும் புதியதும் ஒத்துப்போகவில்லை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு இருக்கிறது. துண்டுகளுக்கு இடையிலுள்ள பள்ளம் முழுக்க உங்களுடையது. எல்லாம் கூடிவந்தால் நீங்கள் இருந்ததே யாருக்கும் தெரியாது. ஒன்று பிசகினால் உங்கள் போன்தான் அடிக்கும். என் அப்பா படுத்திருந்தபோது அப்படிப்பட்ட ஒரு போனில் நானும் கத்தியிருக்கிறேன். அந்த நர்ஸிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, இன்றும் உறுத்துகிறது.

பொறுப்பு உங்களிடம், அதிகாரம் வேறிடத்தில். இவர் வீட்டுக்குப் போகும் நிலையில் இல்லை என்று தெரிந்தும், படுக்கை வேண்டும் என்பதற்காக அனுப்பிவைக்கிறீர்கள். சரியானது எது என்று தெரிந்தும் நிறுவனம் அதைச் செய்யவிடாத இந்த வேதனையை அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஆண்ட்ரூ ஜேமட்டன் 1984இலேயே ‘அறவேதனை’ என்ற பொருளில் பெயரிட்டு எழுதினார். தூங்கி எழுந்தால் தீர்கிற களைப்பல்ல இது.

மூச்சுப்பயிற்சி வகுப்புக்குக் கூப்பிடுவார்கள். போங்கள், தவறில்லை. வகுப்பு முடிந்து அதே நோயாளிப் பட்டியலுக்குத்தான் திரும்பி வருவீர்கள்.

நர்ஸ் பணி பற்றி ஆராயும் அமெரிக்க ஆய்வாளர் லிண்டா ஐக்கனின் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடும்போது பணிச்சோர்வுக்கான சாத்தியம் 23 சதவீதமும், நோயாளி முப்பது நாளுக்குள் இறப்பதற்கான சாத்தியம் 7 சதவீதமும் கூடியிருந்தன. அது வார்டு கணக்கு. அங்கே படுக்கையை எண்ணலாம். உங்கள் வேலையை யார் எண்ணுகிறார்கள்? ஒருவருக்கு ஒரு அழைப்பு போதும், இன்னொருவருக்கு இருபது. தாளில் இருவருமே ‘ஒரு கேஸ்’.

இரண்டு வாரம் நீங்களே எண்ணுங்கள்: முடியாத கேஸ்கள், அழைப்புகள், அனுமதிக்காகக் காத்திருந்த மணிநேரம், உங்கள் கையில் இல்லாத விஷயத்துக்குப் பதில் சொல்ல நேர்ந்த தடவைகள். அதை மேலாளரிடம் கொண்டுபோகும்போது ‘எனக்கு முடியவில்லை’ என்று தொடங்காதீர்கள். ‘நோயாளிக்கு இங்கே ஆபத்து இருக்கிறது’ என்று தொடங்குங்கள். உண்மையும் அதுதான்.

தூக்கம் கெட்டு, விடுமுறையிலும் கனம் இறங்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். அந்த அப்பாயின்ட்மென்டை மட்டும் வீட்டில் வேறு யாரையாவது வாங்கித்தரச் சொல்லுங்கள்.