சாகிற செல்லே கேதம் சொல்லி விடும்

மதுரைக் கல்லூரி ஒன்றில் செல் உயிரியல் நடத்துகிறேன். நம் உடம்பில் தினமும் பல ஆயிரம் கோடி செல்கள் சாகின்றன, ஆனாலும் வேறு செல்கள் விழுங்கிவிடுவதால் பிணம் ஒன்றும் கிடப்பதில்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகள் இவை.

மேடம், இந்த செல் சாகிறது, அது நல்ல செல் என்று விழுங்க வருகிற செல்லுக்கு எப்படித் தெரியும்? (நர்சிங் மாணவி, திருமங்கலம்)

நம்ம ஊரில் ஒரு சாவு விழுந்தால் வெளியூர்ச் சொந்தங்களுக்குக் கேதம் சொல்லி விடுவோம். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுவோம். செல் விஷயத்தில் இந்த இரண்டு வேலையையும் சாகப்போகிற செல்லே செய்கிறது, அதுவும் உடைவதற்கு முன்பே.

சாவு முடிவானதும் உள்ளே காஸ்பேஸ் என்ற நொதிகள் வேலையை ஆரம்பிக்கும். அவை சவ்வில் இருக்கும் பானெக்சின் என்ற புரத வாசலைத் திறந்துவிட, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறு வெளியே கசியும். அதை மோப்பம் பிடித்து, செத்ததை விழுங்குகிற மேக்ரோபேஜ் என்ற செல் வரும். கேதம் போய்ச் சேர்ந்துவிட்டது.

போஸ்டர் விஷயம் இன்னும் அழகு. செல் சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பு. அதில் பாஸ்பாடிடைல்செரின் என்ற கொழுப்பு எப்போதும் உள் அடுக்கில்தான் இருக்க வேண்டும். வெளியே நழுவினால் இழுத்து உள்ளே போட ஒரு புரதம் காவல் இருக்கிறது. காஸ்பேஸ் அந்தக் காவலை வெட்டிவிடும். அதே கையோடு, இரண்டு அடுக்கையும் கலக்கிவிடுகிற எக்ஸ்கேஆர்8 என்ற புரதத்தையும் வெட்டும். இந்த வெட்டுதான் அதை வேலை செய்ய வைக்கிறது. உள்ளே இருந்த கொழுப்பு வெளியே தெரியும், மேக்ரோபேஜ் அதைப் பிடித்துக்கொள்ளும். இந்த இரண்டு புரதங்களையும் கண்டுபிடித்தது ஜப்பானின் ஷிகேகாசு நகாட்டாவின் குழு.

நல்ல செல்லின் மேல் சிடி47 என்ற புரதம் இருக்கும். 'என்னை விட்டுவிடு' என்று மேக்ரோபேஜுக்கு அது சொல்லும் சேதி.

கட்டியில் சீழ் பிடிக்கிறதே, அதுவும் இதுதானா? (உசிலம்பட்டி)

ஆமாம் அண்ணே, சீழில் பெரும்பகுதி செத்த வெள்ளணுக்கள்தான். அள்ளுகிற வேகத்தைவிட சாகிற வேகம் கூடினால் அப்படித் தேங்கும்.

என் தங்கச்சிக்கு லூபஸ். வெயிலில் போகவே கூடாது என்கிறார் டாக்டர். இதற்கும் நீங்கள் எழுதியதற்கும் சம்பந்தம் உண்டா? (மேலூர்)

உண்டு. லூபஸ், உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்குகிற நோய். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் தோல் செல்கள் சாகும். அவற்றை உடனே எடுத்துவிட்டால் பிரச்சினை இல்லை. எடுக்காமல் விட்டால் பொத்துக்கொண்டு, உட்கருவில் இருக்கும் டிஎன்ஏ எல்லாம் வெளியே சிந்தும். லூபஸில் உடம்பு எதிர்ப்புப் புரதம் உண்டாக்குவது தன்னுடைய அந்த உட்கருப் பொருளுக்கு எதிராகத்தான். செத்த செல்லை அடையாளம் காட்ட உதவும் சி1க்யூ என்ற இரத்தப் புரதம் பிறவியிலேயே இல்லாதவர்களில் பெரும்பாலோருக்கு லூபஸ் வருகிறது. எல்லா லூபஸுக்கும் இது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், அது பல வழியில் வருகிற நோய். ஆனால் டாக்டர் சொன்னதைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் சித்திரை வெயிலுக்குக் குடையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும், டாக்டர் சொல்கிற சன்ஸ்கிரீனும் வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இதற்குத் தனிப் பெயர் உண்டா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், சோழவந்தான்)

உண்டு ஐயா. செல் இப்படி ஒழுங்காகச் சாவதற்கு 1972-ல் கெர், வில்லி, கரி என்ற மூவர் அபாப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். செத்ததை விழுங்கி அகற்றுவது எஃபெரோசைட்டோசிஸ். அதன் லத்தீன் வேர்ச்சொல்லுக்கு 'கல்லறைக்குத் தூக்கிச் செல்' என்று பொருள். பெயர் வைத்தவர்களுக்கும் சாவு வீடுதான் ஞாபகம் வந்திருக்கிறது.

போஸ்டரைக் கண்ணால் பார்க்க முடியுமா மேடம்? (பிளஸ் டூ மாணவன், திருப்பரங்குன்றம்)

முடியும்ப்பா. அனெக்சின் என்ற புரதம் அந்தக் கொழுப்பில் போய் ஒட்டும். அதில் பச்சையாக ஒளிரும் சாயத்தைச் சேர்த்து, கூடவே ஒரு சிவப்புச் சாயமும் விடுவோம். சவ்வு கிழிந்த செல்லுக்குள்தான் சிவப்பு நுழையும். இருட்டறையில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், நல்ல செல்லில் ஒன்றும் தெரியாது. சாகிற செல்லின் விளிம்பில் மட்டும் மெல்லிய பச்சை வளையம், நடுவில் இருட்டு. அந்த நிலையில் மேக்ரோபேஜ் வந்துவிட்டால் நல்லது. வராமல் போனால், கொஞ்ச நேரத்தில் நடுவில் சிவப்பு ஏறும்.