அடிவயிற்றுச் சதையும் ஆடித் தள்ளுபடியும்

கேள்வி: எனக்கு வயது 38. இரண்டு குழந்தைகளும் சிசேரியன். எட்டு கிலோ எடை குறைத்தும் அடிவயிறு மட்டும் தொங்கிக்கொண்டே இருக்கிறது. புடவைக் கட்டுக்கு மேல் பிதுங்குகிறது. ஒரு கிளினிக்கின் விளம்பரத்தைப் போனில் பார்த்தேன். லைப்போசக்‌ஷன் மூலம் கொழுப்பை உறிஞ்சி எடுத்துக்கொண்டு அன்று மாலையே வீடு திரும்பலாமாம். ஆடித் தள்ளுபடி, மாதத் தவணை எல்லாம் உண்டாம். டாக்டர் பெயருக்குப் பின்னால் ஏகப்பட்ட எழுத்துகள். அவரை நம்பலாமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: புடவைக்கு ஆடித் தள்ளுபடி சரி. அறுவை சிகிச்சைக்கும் தள்ளுபடி என்றால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. விளம்பரம் கொடுத்து நோயாளிகளை அழைப்பதை மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகளே அனுமதிப்பதில்லை.

அந்த எழுத்துகளுக்கு வருவோம். இந்த வேலைக்குப் படித்தவர் பிளாஸ்டிக் சர்ஜன். நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து, மூன்று வருடம் பொது அறுவை சிகிச்சை படித்து, அதற்கு மேல் இன்னொரு மூன்று வருடம் எம்.சி.எச். பிளாஸ்டிக் சர்ஜரி படிப்பதுதான் வழக்கமான பாதை. அதற்கு இணையானது டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி, இப்போது டி.ஆர்.என்.பி. என்கிறார்கள். இந்த இரண்டில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற எழுத்துகளில் பாதி, ஃபெலோஷிப் என்ற பெயரில் கிடைக்கும் குறுகிய காலச் சான்றிதழாக இருக்கலாம். எம்.சி.எச்.சுக்கு மேல் அதுவும் இருந்தால் நல்லது. அது மட்டும்தான் என்றால் வேண்டாம். ‘காஸ்மெடிக் சர்ஜன்’ என்பது பலகையில் எழுதிக்கொள்ளும் பெயர்தான், பட்டம் கிடையாது.

மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும். அதைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்திலோ தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டிலோ தேடிப் பார்க்கலாம். அங்கே எம்.பி.பி.எஸ். மட்டும் தெரிந்தால் உடனே சந்தேகப்பட வேண்டாம். மேற்படிப்பைப் பதியாமல் சோம்பியிருப்பவர்கள் எங்களில் உண்டு. “எம்.சி.எச். எங்கே, எந்த வருடம் முடித்தீர்கள்?” என்று நேரிலேயே கேளுங்கள். ஒழுங்காகப் படித்தவருக்கு இதில் கோபம் வராது.

சரி, வயிற்றைக் குறைக்க இவ்வளவு படிப்பு எதற்கு? தொங்கும் வயிற்றைச் சரிசெய்யும் ‘டம்மி டக்’கை எடுத்துக்கொள்ளுங்கள். அடிவயிற்றில் இடுப்புக்கு இடுப்பு கீறி, தோலையும் கொழுப்பையும் விலா எலும்பு வரை தூக்கி, விலகிய தசைகளைத் தைத்து, மிச்சத் தோலை வெட்டிவிட்டுக் கீழே இழுத்துத் தைப்பார்கள். தொப்புள் இருந்த இடத்திலேயே இருக்கும். இழுத்த தோலில் அதற்குப் புதிதாக ஒரு துளை போட வேண்டும். கொஞ்சம் அதிகமாக இழுத்தால் ரத்த ஓட்டம் நின்று தோல் கறுத்துவிடும். எவ்வளவு இழுக்கலாம் என்பது தீக்காயத்துக்குத் தோல் வைத்தும், விபத்தில் நசுங்கிய கைகால்களுக்குச் சதையைத் திருப்பி மூடியும் பழகிய கைக்குத்தான் தெரியும். சென்னையில் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் போன்ற அரசு மருத்துவமனைகளில் படிப்பவர்கள் இரவும் பகலும் இதைத்தான் செய்கிறார்கள்.

உங்களுக்கு லைப்போசக்‌ஷன்தான் வேண்டும் என்று அவர்கள் எப்படி முடிவு செய்தார்கள்? அது கொழுப்பை மட்டும் உறிஞ்சும். தொங்கும் தோலையோ விலகிய தசையையோ தொடாது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். தொப்புளுக்கு மேலும் கீழும் நடுக்கோட்டில் இரண்டு மூன்று விரல் இறங்குகிற பள்ளம் தட்டுப்பட்டால் தசை விலகியிருக்கலாம். இருமும்போது தொப்புளிலோ தழும்பிலோ புடைத்தால் அது குடலிறக்கமாக இருக்கலாம். அதைக் கவனிக்காமல் லைப்போசக்‌ஷன் குழாயை விட்டால் குடலில் ஓட்டை விழும் ஆபத்து உண்டு. குடலிறக்கத்துக்கு அரசு மருத்துவமனையிலேயே அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம்.

நல்ல சர்ஜன் உங்களைப் படுக்க வைத்துத் தொட்டுப் பார்ப்பார். காது குத்திய இடத்தையும் சிசேரியன் தழும்பையும் பார்த்து, தழும்பு தடித்து வளரும் உடம்பா என்று கவனிப்பார். இன்னொரு குழந்தை எண்ணம் உண்டா, கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களா, குடும்பத்தில் யாருக்காவது காலில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று கேட்பார். டாக்டர் வருவதற்கு முன்பே ‘கவுன்சிலர்’ ஒருவர் உட்கார்ந்து பேக்கேஜ் பேசி அட்வான்ஸ் வாங்கப் பார்த்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

‘முன், பின்’ படங்களில் பல, மூச்சை இழுத்துப் பிடித்து எடுத்தவை. உங்களைப் போன்ற வயிற்றுக்கு அவரே செய்து, ஒரு வருடம் கழித்து, அதே வெளிச்சத்தில் எடுத்த படத்தைக் கேளுங்கள். தழும்பு தெரிகிற படமாக இருக்கட்டும்.

அப்புறம், மயக்க மருந்து கொடுப்பது யார், ராத்திரி மூச்சுத்திணறல் வந்தால் ஐ.சி.யூ. எங்கே என்பதும் தெரிய வேண்டும். வேறொரு இடத்தில் கொழுப்பெடுத்துக்கொண்டு, வயிறு குண்டும் குழியுமாகி என்னிடம் வந்த ஒரு பெண்ணின் டிஸ்சார்ஜ் சீட்டில் சர்ஜன் பெயரே இல்லை. “வெளியிலிருந்து ஒரு டாக்டர் வந்தார்” என்பதுதான் அவருக்குத் தெரிந்தது. கத்தி எடுப்பவர் யார், தையல் பிரிக்கும் நாளில் அவரே வருவாரா என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கோவையிலோ திருச்சியிலோ இன்னொரு எம்.சி.எச். சர்ஜனிடமும் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். போகும்போது இரண்டு சிசேரியன் டிஸ்சார்ஜ் சீட்டுகளையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஆடி முடிந்தால் முடியட்டும்.