அது யாரைத் தேடியது?

வணக்கம்.

நாங்கள் திருப்பூர். போன மே மாதம் குடும்பத்தோடு கோத்தகிரி வந்திருந்தோம். காலையில் பறவை பார்க்கலாம் என்று ஒருவர் கூட்டிப்போனார். சோலை ஓரத்தில் நின்று, செல்ஃபோனில் ஒரு பறவையின் பாட்டைப் போட்டு, குட்டி ஸ்பீக்கரைத் தரையில் வைத்தார். இரண்டு நிமிடத்தில் நீல நிறத்தில், விலாவில் செங்காவி பூசியதுபோல ஒரு சின்னப் பறவை வந்துவிட்டது. ஸ்பீக்கரைச் சுற்றிச் சுற்றி வந்தது, பாடியது. நாங்கள் எல்லோரும் ஆசை தீரப் படம் எடுத்தோம். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் மட்டும் எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றவள், "அது யாரைத் தேடுதும்மா?" என்று கேட்டாள். கூட வந்தவர், "பொண்ணு வந்திருக்குன்னு நெனச்சு ஓடி வருது பாப்பா" என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. ஸ்பீக்கரில் பாடியது ஆண் என்றால் அதைக் கேட்டு இன்னொரு ஆண் எதற்கு ஓடி வர வேண்டும்? பாட்டைக் கேட்டுத்தான் பெண் பறவை துணையைத் தேர்ந்தெடுக்கிறது என்று நீங்கள் முன்பு எழுதியிருந்தீர்கள். அது எப்படித் தெரியும்? மகளுக்கு நான் என்ன சொல்வது?

(பெயர் வேண்டாம்), திருப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் சந்தேகம் சரிதான். அந்தப் பறவை பெண்ணைத் தேடி வரவில்லை, சண்டைக்கு வந்தது. தன் இடத்தில் எவனோ புகுந்து பாடுகிறான், அவன் எங்கே என்று தேடியது. மகளிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள். ஆனால் அங்கே இன்னொரு பறவையும் இருந்திருக்கலாம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதத்தில் அதிகம் சொல்ல நினைக்கிறேன்.

நீங்கள் சொல்லும் நிறத்தை வைத்துப் பார்த்தால் அது நீலகிரிச் சோலைக்கிளி. பச்சைக்கிளிக்கும் இதற்கும் உறவில்லை. மலையாளத்தில் கிளி என்றால் பொதுவாகப் பறவை. 2017-ல் இந்தப் பறவைகளுக்கென்றே ஒரு தனிப் பேரினம் உண்டாக்கி அதற்கு சோலிகோலா என்று பெயர் வைத்தார்கள், சோலையில் குடியிருப்பது என்று பொருள். நம் மலைச்சொல் ஒன்று உலகத்துப் பறவைப் பட்டியலில் ஏறியதில் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே இது. தெற்கே, கொடைக்கானல் சோலைகளில் இருப்பது இதன் உறவான வெண்வயிற்றுச் சோலைக்கிளி. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் இரண்டுக்கும் வேறு போக்கிடம் கிடையாது. ஆணும் பெண்ணும் நம் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, பாட்டுக்கு வருவோம். ஒரே பாட்டு இரண்டு பேர் காதுக்குப் போகிறது. போட்டிக்கு வரும் ஆணுக்கு அது "உள்ளே வராதே". துணை தேடும் பெண்ணுக்கு அது "இங்கே இருக்கிறேன்". இரண்டையும் ஸ்பீக்கர் வைத்தே சோதித்திருக்கிறார்கள். 1970-களில் ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில் ஒரு சிறு காட்டில் ஜான் கிரெப்ஸ் என்ற ஆய்வாளர் பட்டாணிக்குருவிகளைப் பிடித்து அகற்றிவிட்டு, சில இடங்களில் அவற்றின் பாட்டை மட்டும் ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டார். சில இடங்களில் தகர விசில் சத்தம், சில இடங்களில் ஒன்றுமே இல்லை. பாட்டு ஒலித்த இடங்களில்தான் புது ஆண்கள் குடியேற அதிக நேரம் தயங்கின. ஆளே இல்லாத வீட்டை வெறும் குரல் காவல் காத்தது.

அடுத்தது ஸ்வீடன், 1986-ல் வெளியான ஆய்வு. ஈப்பிடிப்பான்களுக்காக மரங்களில் கூடுப்பெட்டிகள் மாட்டி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆண் பறவையின் பொம்மையை வைத்தார்கள். பாதிப் பெட்டிகளில் பாட்டு, பாதியில் மௌனம். வந்து நுழையும் பெண் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்படி பொறி. மாட்டிய பத்துப் பெண்களில் ஒன்பது, பாட்டு ஒலித்த பெட்டிகளில் இருந்தன. இங்கிலாந்தில் நாணலில் வாழும் ஒரு கதிர்க்குருவியைப் பல வருடம் கவனித்த கிளைவ் கேட்ச்போல், அதிக வகை ஒலிகளைக் கோர்த்துப் பாடும் ஆணுக்கு முதலில் ஜோடி அமைகிறது என்று கண்டார். ஜோடி அமைந்ததும் அந்தக் குருவி பாடுவதையே நிறுத்திவிடுகிறது. யாருக்காகப் பாடியது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டுமா?

பாட்டைக் கேட்டுப் பெண்ணுக்கு என்ன தெரிந்துவிடும் என்று மகள் அடுத்துக் கேட்பாள். நிறையத் தெரியும். விடியற்காலையில் ஒரு சின்னப் பறவையின் வயிறு காலியாக இருக்கும், ராத்திரி முழுக்கக் குளிரில் உடம்புக் கொழுப்பை எரித்திருக்கும். அந்த நேரத்தில் இரை தேடப் போகாமல் கிளையில் உட்கார்ந்து அரைமணி நேரம் பாட முடிகிறது என்றால், நேற்று நன்றாகச் சாப்பிட்டிருக்கிறது, நல்ல இடம் கைவசம் இருக்கிறது என்று அர்த்தம். இன்னும் ஒன்று இருக்கிறது. குருவி இனங்கள் பாட்டோடு பிறப்பதில்லை, குஞ்சாக இருக்கும்போது கேட்டுக் கற்றுக்கொள்கின்றன. பாட்டைக் கற்கும் மூளைப்பகுதி வளர்வதும் குஞ்சு கூட்டில் வாயைப் பிளந்துகொண்டு இரைக்குக் காத்திருப்பதும் கிட்டத்தட்ட ஒரே பருவம். அந்தப் பருவத்தில் பட்டினி கிடந்த குஞ்சு பெரிதாகிப் பாடும்போது அந்தக் குறை பாட்டில் தெரியலாம் என்று ஸ்டீஃபன் நோவிக்கி என்ற ஆய்வாளர் 1998-ல் எழுதினார். பிறகு அவரும் கூட்டாளிகளும் அமெரிக்கப் பாட்டுச் சிட்டுகளில் சோதித்தபோது, குஞ்சாகக் கேட்ட மூலப் பாட்டை நன்றாகக் கற்ற ஆணின் பாட்டுக்குப் பெண் சிட்டுகள் கூடுதலாக இசைவு காட்டின. வளர்ந்த வீட்டின் பசி குரலில் இருக்கிறது. அதைக் கேட்கத் தெரிந்த காது பெண்ணுக்கு இருக்கிறது.

அந்தக் காதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம். பாடுகிறவனைப் படம் எடுக்கிறோம், புதருக்குள் சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருப்பவளை விட்டுவிடுகிறோம். வட அமெரிக்காவில் கௌபேர்ட் என்று ஒரு பறவை உண்டு, நம் குயில்போல மற்ற பறவைகளின் கூட்டில் முட்டை இடும். அதன் பெண் பாடுவதில்லை. ஆனால் இளம் ஆண் பலவிதமாகப் பாடிப் பார்க்கும்போது, பிடித்த பாட்டு வந்தால் பெண் சிறகைச் சட்டென்று ஒருமுறை விரித்து மடக்கும். கண் இமைக்கும் நேரம்தான். ஆண் அதைக் கவனித்து அந்தப் பாட்டையே திரும்பப் பாடும், மற்றவற்றை மெல்லக் கைவிடும். மெரிடித் வெஸ்ட், ஆண்ட்ரூ கிங் இருவரும் 1988-ல் இதை வெளியிட்டார்கள். வாயே திறக்காதவள் பாட்டைத் திருத்திக்கொடுக்கிறாள்.

அப்புறம், பெண் பறவை பாடாது என்று பொதுவாக எண்ணிவிட வேண்டாம். குளிர்நாட்டுப் பறவைகளை அதிகம் பார்த்தவர்கள் எழுதிவைத்த பழக்கம் அது. 2014-ல் உலகம் முழுவதிலுமிருந்து தகவல் சேர்த்துப் பார்த்தபோது, கணக்கில் எடுத்த பாடும் பறவை இனங்களில் 71 சதவீதத்தில் பெண்ணும் பாடுகிறது, ஆதியில் இரண்டுமே பாடியிருக்க வேண்டும் என்று தெரிந்தது. நம் கவிஞர்கள் குயிலைப் பெண்ணாக்கியது மட்டும் தவறு, கூவுவது கறுப்பு ஆண்தான். இந்த மலையில் நீலகிரிச் சிரிப்பான்கள் கூட்டமாகச் சேர்ந்து கத்தும்போது எது ஆண், எது பெண் என்று எனக்கு இதுவரை பிரித்துச் சொல்ல வந்ததில்லை.

இப்போது அந்த இன்னொரு பறவை. நானும் ஸ்பீக்கர் வைத்தவன்தான். ஒன்பது வருடம் இருக்கும், மே மாதக் காலை, கோத்தகிரிக்கு மேலே ஓர் ஓடையோரச் சோலை. பாசி படிந்த கல்லில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஸ்பீக்கரை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். சோலைக்கிளி தரையை ஒட்டி வந்தது. விழுந்து கிடந்த ஒரு கிளையில் நின்று இரண்டு சிறகையும் தொங்கவிட்டு நடுங்கியது. பாடும்போது தொண்டை மயிர் பிரிந்து உள்ளே வெளிர்நிறம் தெரிந்தது. பிறகு ஸ்பீக்கர் மேலேயே ஏறி, வலைக்கம்பியை இரண்டு முறை கொத்தியது. நான் படம் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

எடுத்து முடித்துத் தலையைத் திருப்பியபோதுதான், குறிஞ்சிச் செடியின் அடியில் அதே நிறத்தில் இரண்டாவது பறவை நிற்பதைக் கண்டேன். அலகில் ஒரு பச்சைப் புழு, இன்னும் நெளிந்துகொண்டிருந்தது. பறவை அசையவில்லை. தலையை மட்டும் ஒரு பக்கம் சாய்த்து ஸ்பீக்கரையும் தன் துணையையும் மாறி மாறிப் பார்த்தது. எவ்வளவு நேரமாக நின்றதோ. ஸ்பீக்கரை அணைத்துவிட்டு நான் பத்தடி தள்ளிப்போன பிறகு, நான் நின்றிருந்த இடத்துக்குப் பின்னால் மண்கரையில் முழங்கால் உயரத்தில் இருந்த பொந்துக்குள் நுழைந்தது. உள்ளே குஞ்சுகளின் சத்தம் கேட்டது. கூட்டின் வாசலை மறித்துக்கொண்டு படம் எடுத்திருக்கிறேன்.

குஞ்சுகள் கொஞ்ச நேரம் பசியோடு இருந்தன, அவ்வளவுதானே என்று அப்போது மனதைத் தேற்றிக்கொண்டேன். பிறகு கனடா சிக்கடிகளைப் பற்றிப் படித்தேன். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நீங்கள் பார்க்கும் பட்டாணிக்குருவியின் குடும்பம் அது. குளிர்காலத்திலேயே அவற்றுக்குள் யார் பெரியவன், யார் சின்னவன் என்று முடிவாகிவிடும். பெரியவனின் துணை பெரும்பாலும் வேறிடம் போவதில்லை. டேனியல் மென்னிலும் கூட்டாளிகளும் சில பெரிய ஆண்களுக்கு எதிரே ஸ்பீக்கர் வைத்து, அவை பாடும்போதே குறுக்கே விழுந்து பாடவைத்தார்கள். சில நிமிடங்கள்தான். வேறு சில ஆண்களுக்கு, விட்டுக்கொடுத்துப் பாடும் ஸ்பீக்கர். குஞ்சு பொரித்த பிறகு மரபணுவைச் சோதித்தால், ஸ்பீக்கரிடம் தோற்ற பெரிய ஆண்களின் கூட்டில்தான் வேறு ஆணுக்குப் பிறந்த குஞ்சுகள் அதிகம். 2002-ல் வெளியான ஆய்வு இது. அந்தப் பெண்கள் சண்டையைக் கேட்டிருக்கின்றன. துணை தோற்றது என்று முடிவு செய்திருக்கின்றன. அவன் தோற்றது ஒரு பெட்டியிடம்.

சிக்கடி வேறு, சோலைக்கிளி வேறு. ஆனால் அந்தப் புழுவைக் கவ்விய பறவை தலையைச் சாய்த்துக் கேட்டதை நான் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் ப்ளேபேக் போட்டதில்லை.

அந்த ரெக்கார்டிங் எந்த மலையில் எடுத்தது என்றும் யாரும் கேட்பதில்லை. சோலைக்கிளிகளின் பாட்டு மலைக்கு மலை மாறுகிறது. வி.வி.ராபினும் சேத்தனா புருஷோத்தமும் 2016-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பழைய பெரும் பள்ளத்தாக்குகளால் பிரிந்த கூட்டங்கள் பாட்டில் ஒருவிதமாக வேறுபடுகின்றன, சமீபத்தில் காடு அழிந்ததால் பிரிந்தவை வேறுவிதமாக வேறுபடுகின்றன. தேயிலைக்கும் யூகலிப்டஸுக்கும் நடுவே துண்டுதுண்டாக நிற்கும் சோலைகளில், பாட்டு தனித்தனி வழக்காகப் பிரிந்துகொண்டிருக்கிறது. ஒரு துண்டில் வளர்ந்த பெண்ணின் காது அந்தத் துண்டின் வழக்குக்குப் பழகிய காது. அங்கே போய் வேறெங்கோ பதிந்த குரலை ஒலிக்கவிடுகிறோம்.

கோத்தகிரி லாங்வுட் சோலை மொத்தமே சுமார் 116 ஹெக்டேர். 2024-ல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்ததிலிருந்து பெயர் வெளியே பரவியிருக்கிறது, நல்லதுதான். ஆனால் இந்த அளவுள்ள இடத்தில், வழியோரமாகக் குடியிருக்கும் அதே சில ஜோடிகள்தான் வருகிறவர் எல்லோருடைய ஸ்பீக்கரையும் கேட்க வேண்டியிருக்கும். நீலகிரிச் சோலைக்கிளி அழியும் ஆபத்தில் உள்ள இனம். கூடு வைக்கும் காலமும் நம் சீசனும் ஒன்றாகவே வந்து தொலைக்கின்றன.

உங்களைக் கூட்டிப்போனவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஸ்பீக்கர் இல்லாமலும் அவரால் காட்ட முடியும், நேரம்தான் ஆகும். அடுத்த முறை அனுமதி வாங்கிக்கொண்டு, வெளிச்சம் வருவதற்கு முன்பே சோலை ஓரத்துக்கு மகளைக் கூட்டிப் போங்கள். ஸ்வெட்டரும் ஃபிளாஸ்கில் டீயும் எடுத்துக்கொள்ளுங்கள், அரைமணி நேரம் பேசாமல் உட்கார வேண்டியிருக்கும். யாராவது ஸ்பீக்கரை எடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தானாகப் பாட்டு ஆரம்பிக்கும். பாடுகிற பறவையை மகள் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். பிறகு அதை விட்டுவிட்டு, சுற்றிலும் செடிகளின் அடியில், தரையை ஒட்டித் தேடச் சொல்லுங்கள்.